நாற்பத்து மூன்று ஓடைகள்

பசை காய்வதற்கு முன் எதையும் செய்தி என்று சொல்லக்கூடாது. பொது ஒருங்கிணைப்பு இயக்ககத்தின் நறுக்குப் பிரிவில் அதுதான் விதி.

எதை எதோடு ஒருங்கிணைப்பது என்பது இயக்ககத்தைத் தொடங்கிய ஆணையின் பின்னிணைப்பில் இருந்தது. பின்னிணைப்பு கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை சும்மா இருக்கக்கூடாது என்று இயக்ககம் தன்னைப் பற்றி வரும் செய்திகளை ஒருங்கிணைத்து வந்தது.

செய்தித்தாள் காலத்தில் ஏற்பட்ட பிரிவு. பிறகு செய்தித்தாள்கள் இணையத்துக்குப் போயின. கத்தரிக்கோல் போகவில்லை. தினமும் நாற்பத்து மூன்று செய்தித் தளங்களைத் திறந்து பார்க்க வேண்டும். இயக்குநரைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் அச்செடுத்து, நறுக்கி, பச்சைத் தாளில் ஒட்டி, காய வைக்க வேண்டும். ஒட்டியவர் ஒரு கையெழுத்து. ஒட்டியதைப் பார்த்தவர் ஒரு கையெழுத்து. அவர் பார்த்ததைப் பார்த்தவர் ஒரு கையெழுத்து. மூன்றாமவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படவில்லை. கண்காணிப்பாளரே இரண்டாவதை நீல மையிலும் மூன்றாவதைப் பச்சை மையிலும் போட்டு வந்தார்.

பிறகு கோப்பு நாலாவது மாடிக்குப் போகும். இயக்குநர் தன் படம் இருக்கும் பக்கங்களை மட்டும் பார்ப்பார்.

ஒட்டுகிறவள் அவள். பதவி இளநிலை உதவியாளர். அலுவலகத்தில் கத்தரி என்று கூப்பிட்டார்கள். பிரிவின் ஒரே கத்தரிக்கோல் அவள் பெயரில் வழங்கப்பட்டிருந்தது.

வேலையில் ஒரு சிக்கல் உண்டு. இயக்குநர் என்றால் ஊரில் எல்லோருக்கும் சினிமா எடுப்பவர். நாற்பத்து மூன்று தளங்களிலும் இயக்குநர்கள் பூஜ்யத்திலிருந்து உயர்ந்தார்கள், நடிகையை அறிமுகப்படுத்தினார்கள், விவாகரத்து செய்தார்கள். இவர்களுக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் இயக்குநரைத் தேடி எடுத்து, ஒட்டி, காய வைத்து முடிக்க மாலை ஆறரை ஆகும்.

அவள் தன் பாப்பாவை விட்டுவரும் காப்பகம் ஆறு மணிக்கு மூடும்.

போன மாதம் வரை பாப்பாவின் அப்பாதான் கூட்டி வந்தார். அவருக்கு வெளியூர் மாற்றல் வந்துவிட்டது. காப்பகத்து அக்கா வாசலிலேயே நின்று விதியைச் சொன்னாள்.

"மூணு தடவை பொறுத்துக்குவேன். நாலாவது தடவை லேட்டா வந்தா பாப்பாவோட சேர்த்து பாயையும் குடுத்துருவேன். வெளில பதினோரு பேர் எடம் கேட்டு நிக்கறாங்க."

"ஆபீஸ்ல விட மாட்டேங்கறாங்கக்கா."

"என்ன வேலை?"

"பேப்பர் ஒட்டறது."

"பாப்பாவும் இங்க அதைத்தான் பண்ணுது. மூணு மணிக்கு முடிச்சிருது."

முதல் வாரத்திலேயே இரண்டு தடவை தாமதமானது. மற்ற நாட்களில் தலைவலி, பல்வலி, வயிற்றுவலி என்று சொல்லிக் கிளம்பினாள். உடம்பில் அதிகப் பாகங்கள் மீதமில்லை.

இரண்டாம் வாரம், மதிய இடைவேளையில், எட்டு மணிவரை திறந்திருக்கும் வேறு காப்பகம் இருக்கிறதா என்று தேடினாள். ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஒரு தளம். ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு தளத்தின் அடியில் முன்பின் தெரியாத ஒரு தாய் எழுதியிருந்தாள்: 'நான் எல்லாக் காப்பகத்தையும் ஒரே எடத்துல சேர்த்து, எங்க ஏரியால எடம் காலின்னா மட்டும் வர்ற மாதிரி வடிகட்டி வெச்சிருக்கேன். இலவசம்தான். நீங்களும் பண்ணிக்கோங்க.' கீழே ஒரு முகவரி.

திறந்தாள். வெள்ளைப் பக்கம். இடது ஓரத்தில் பெட்டிகள். ஒரு பெட்டியை இழுத்து நடுவில் வைத்து அதில் ஒரு தளத்தின் முகவரியைப் போட்டால் அந்தத் தளத்தில் புதிதாக வருவதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் வந்து விழுகிறது. அடுத்த பெட்டி, அடுத்த தளம். எல்லாவற்றையும் கோடு இழுத்து ஒரு புனலில் சேர்க்கலாம். இந்தச் சொல் இருந்தால் விடு, அந்தச் சொல் இருந்தால் தள்ளு என்று புனலுக்குச் சொல்லலாம். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகும் கோடு, விட்டதும் தானாக வளைந்து ஒட்டிக்கொண்டது. பசை இல்லாமல்.

காப்பகங்களைச் சேர்த்தாள். எங்கும் இடமில்லை என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்தது. இதற்காக ஒரு வாரமாக அலைந்திருக்கிறாள்.

திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்பத்து மூன்று பெட்டிகளை இழுத்தாள்.

'இயக்குநர்' என்று போட்டதும் முந்நூற்றுப் பன்னிரண்டு செய்திகள் வந்தன. நடிகை இருந்தால் தள்ளு என்றாள். நூற்று நாற்பது. நடிகர் இருந்தால் தள்ளு. படப்பிடிப்பு இருந்தால் தள்ளு. நான்கு. நான்கிலும் அவர்களுடைய இயக்குநர். ஒன்றில் படத்தோடு.

பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

நம்பவில்லை. நாற்பத்து மூன்று தளங்களையும் கையால் திறந்து சரிபார்த்தாள். அதே நான்கு. அடுத்த நாளும் அப்படியே சரிபார்த்தாள். மூன்றாம் நாள் சரிபார்க்கவில்லை. ஐந்து மணிக்குப் பையை எடுத்தாள்.

கண்காணிப்பாளர் கோப்பைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒட்டிய தாளை விரலால் தடவினார்.

"பசை காஞ்சிருக்கு."

"ஆமா சார்."

"அஞ்சு மணிக்கு எப்படிம்மா காயும்?"

அவள் சொன்னாள். திரையைக் காட்டினாள். பெட்டிகளையும் புனலையும் அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். அவர் கெட்டவரில்லை. இருபது வருடமாக ஒரே நாற்காலியில் இருக்கிறார். அவ்வளவுதான்.

"தப்பு எதுவும் இல்ல. ஆனா வேலையை லேட்டா முடிக்கறதுக்கு விளக்கம் கேக்க ஒரு படிவம் இருக்கு. சீக்கிரம் முடிச்சா கேக்கறதுக்குப் படிவம் இல்ல. நாளைக்கு எவனாவது கேட்டா நான் எதைக் காட்டறது? எழுத்துல அனுமதி வாங்கிடுங்க. அதுவரைக்கும் கத்தரி."

"என்ன சார்?"

"கத்தரிக்கோலைச் சொன்னேன்."

அன்றே விண்ணப்பம் எழுதினாள். ஃபீட், சோர்ஸ், ஃபில்டர், அவுட்புட், யூசர். மொழிப் பிரிவிலிருந்து ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவளும் கண்காணிப்பாளரும் மாடியேறிப் போனார்கள். மொழி அலுவலர் ஒரு தடித்த கலைச்சொல் அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஃபீட்னு எழுதறதுக்கு வெக்கமா இல்ல? ஓடைன்னு அழகான சொல் இருக்கு."

"போட்டுடறேன் மேடம்."

"ஃபில்டர், வடிகட்டி. அவுட்புட், வெளியேற்றம். யூசர், பயனாளி. 'தேவையில்லாத செய்தி'ன்னு ஏன் ரெண்டு சொல்? கசடு. சோர்ஸுக்கு மூலம்."

கண்காணிப்பாளர் இருமினார். "மேடம், 'எனக்கு நாற்பத்து மூணு மூலம் இருக்கிறது'ன்னு இந்தம்மா கையெழுத்துப் போட்டா ஃபைல் ஆஸ்பத்திரிக்குல்ல போகும்?"

மொழி அலுவலர் அகராதியைப் புரட்டினார். "அப்ப ஊற்று."

"அது பரவால்ல."

"ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கணும். ரெண்டு பொருள் இருந்தா அது மொழி இல்ல, வதந்தி," என்றார் மொழி அலுவலர்.

விண்ணப்பம் இவ்வாறு அமைந்தது: 'நாற்பத்து மூன்று ஊற்றுகளிலிருந்து வரும் ஓடைகளை ஒன்றாக இணைத்து, வடிகட்டிகள் பொருத்தி, கசடு நீக்கி, தினமும் மாலை ஐந்து மணிக்குள் நாலாவது மாடியில் உள்ள இயக்குநரின் மேசைக்கு வெளியேற்ற அனுமதி வேண்டுகிறேன். பயனாளிகளின் எண்ணிக்கை: ஒன்று.'

பிழை எதுவும் இல்லை என்று மொழிப் பிரிவு சான்று அளித்தது. தபால் பிரிவு படித்துப் பார்த்து நீர்வளத் துறைக்கு அனுப்பியது.

ஆறு நாள் அவள் அரை நாள் விடுப்புப் போட்டாள். ஏழாம் நாள் போட விடுப்பு இல்லை. அன்று மாலை நாலரைக்கு முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் பிரிவுக்குள் வந்தார். தோளில் அளவு நாடா. நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளர்.

"ஓடை எங்கங்க?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இதுதான் சார்."

"இது மேப்பு. நான் இறங்கிப் பாக்கணும்."

"இறங்க முடியாது சார். இது செய்தி ஓடை. தண்ணி இல்ல."

பொறியாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். பூட்ஸ் கீச்சிட்டது. விஷயம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் அவருடைய கஷ்டம்.

"புரியுதும்மா. ஆனா புரிஞ்சுதுன்னு எழுத இந்தப் படிவத்துல எடம் இல்ல. இங்க பாருங்க, நீளம், அகலம், ஆழம், ரெண்டு கரையிலயும் என்ன மரம், மீன் உண்டா. இதை நெரப்பாம நான் ஆபீசுக்குத் திரும்பிப் போக முடியாது."

"எனக்கு ஆறு மணிக்குள்ள போகணும் சார்."

"எனக்கும்தான். சீக்கிரம் சொல்லுங்க. அகலம்?"

அவள் திரையைப் பார்த்தாள். "பதினேழு இன்ச்."

"சின்ன ஓடை. ஆழம்?"

"அரை இன்ச் இருக்கும்."

"மீன்?"

"இல்ல."

"நாலாவது மாடிக்கு வெளியேற்றம்னு போட்டிருக்கீங்க. தண்ணி தானா மேல ஏறாது. மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி?"

"சார், தண்ணியே இல்ல."

"ஆமால்ல." அடித்துவிட்டு எழுதினார். "ஒரு ஓடை முடிஞ்சுது. இன்னும் நாப்பத்திரெண்டு."

மணி ஆறு பத்துக்கு நாற்பத்து மூன்றாவது ஓடை முடிந்தது. பரிந்துரை என்ற இடத்தில் அவர் எழுதினார்: 'ஆய்வு நாளன்று எல்லா ஓடைகளும் வறண்டிருந்தன. இணைப்பதற்குத் தடையில்லை.'

காப்பகத்து அக்கா வாசலில் நின்றிருந்தாள். மூன்று விரலைக் காட்டினாள். பாப்பா செருப்பு மாட்டிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீ வீடு மாத்திட்டியா?"

"இல்லடா."

"அக்கா சொன்னாங்க, இன்னும் காணமே, மாத்திட்டியோ என்னவோன்னு."

மறுநாள் இயக்குநர் அழைத்தார். அவள் முதல் தடவையாக நாலாவது மாடிக்குப் போனாள். கண்காணிப்பாளர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். இயக்குநர் நேரில், ஒட்டியதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தார். மேசையில் நீர்வளத் துறையின் அறிக்கை.

"நாப்பத்து மூணு ஓடையை இணைக்கறோம். எனக்கே தெரியாம இந்த இயக்ககத்துல இவ்வளவு பெரிய வேலை நடக்குது. பெருமையா இருக்கு. நேத்து ராத்திரியே பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லிட்டேன்."

"சார், இது நிஜ ஓடை இல்ல," என்றாள்.

கண்காணிப்பாளர் அவள் முதுகுக்குப் பின்னால் சிறு சத்தம் ஒன்று எழுப்பினார். அவள் நிறுத்தவில்லை. தளங்கள், பெட்டிகள், புனல், ஐந்து மணி எல்லாவற்றையும் சொன்னாள். காப்பகத்தைச் சொல்லவில்லை.

இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு திறந்தார்.

"அதாவது தண்ணி கிடையாது."

"கிடையாது சார்."

"நெலம் எடுக்க வேண்டியதில்ல."

"இல்ல சார்."

"எவனும் ரோட்டுல வந்து உக்கார மாட்டான். மழை வந்தா உடையாது. மழை வரலன்னா காயாது."

"ஆமா சார்."

"அப்ப இதைவிட நல்ல ஓடை எங்கம்மா கிடைக்கும்? நாளைக்கே திறப்பு விழா வைங்க."

"திறக்க ஒண்ணும் இல்ல சார். ஏற்கெனவே ஓடிக்கிட்டுதான் இருக்கு. அனுமதி மட்டும் குடுத்தா..."

"திறக்காத ஓடை எப்படிம்மா ஓடும்?" என்றார் இயக்குநர். சட்டம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

திறந்து வைக்க ஒரு நடிகை ஏற்பாடானாள். அவளுக்கு அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்கு நேரம் இருந்தது.

கூட்ட அரங்கில் இருநூறு நாற்காலி. மேடையில் ஒரு மேசை, மேசையில் கத்தரியின் கணினி, கணினிக்குக் குறுக்கே ஒரு ரிப்பன். சுட்டியை நடிகை அழுத்த வேண்டும். எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டக் கத்தரி பக்கத்தில் நிற்க வேண்டும். நடிகை ஐந்தே முக்காலுக்கு வந்தாள். அதற்கு முன்பே இயக்குநர் பேச ஆரம்பித்திருந்தார்.

"இந்த இயக்ககம் என்ன பண்ணுதுன்னு சில பேர் கேக்கறாங்க. நான் திருப்பிக் கேக்கறேன். எதைப் பண்ணலன்னு யாராவது நிரூபிக்க முடியுமா? தண்ணி இருந்து ஓடறது இயற்கை. தண்ணி இல்லாம ஓட வைக்கறது நிர்வாகம். இங்க நாப்பத்து மூணு ஓடை சேருது. சேர்ந்து எங்க போகுது? கடலுக்கா? கடலுக்குப் போனா யாருக்கு லாபம்? என் மேசைக்கு வருது. என் மேசையைத் தாண்டி ஒரு சொட்டு எங்கயும் போகாதுன்னு இந்த எடத்துல உறுதி சொல்றேன்."

கைதட்டினார்கள். நீர்வளத் துறைப் பொறியாளர் முதல் வரிசையில் இருந்தார். பூட்ஸ் போடவில்லை.

அவள் அரங்கின் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பத்தெட்டு. இயக்குநர் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார். கையில் ஒன்பது பக்கம் இருந்தது. நடிகை உட்கார்ந்தபடியே சாய்ந்து அவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எப்பங்க முடிப்பாரு?"

"தெரியலங்க. எனக்கு ஆறு மணிக்குப் பாப்பாவக் கூட்டணும்."

"எத்தனை வயசு?"

"நாலு."

நடிகை எழுந்தாள். ரிப்பனை வெட்டினாள். சுட்டியை எங்கேயோ அழுத்தினாள். இயக்குநர் 'ஒருங்கிணைப்பின் தத்துவம்' என்ற சொல்லில் இருந்தார். நடிகை இரண்டு கையையும் உயர்த்தித் தட்ட, அரங்கம் எழுந்து தட்டியது. படம் எடுப்பவர்கள் மேடைக்கு ஓடினார்கள். கத்தரி அவர்களுக்கு எதிர்த்திசையில் ஓடினாள்.

"போங்க, போங்க," என்றாள் நடிகை சிரித்த முகத்தை மாற்றாமல்.

காப்பகத்துக்கு ஐந்து ஐம்பத்தொன்பதுக்குப் போய்ச் சேர்ந்தாள். அக்கா பூட்டைக் கையில் வைத்திருந்தாள்.

மறுநாள் காலை புனலைத் திறந்தாள். ஒன்றுமில்லை.

மறுபடி திறந்தாள். ஒன்றுமில்லை. கையால் ஒரு தளத்தைத் திறந்தாள். முகப்பிலேயே இயக்குநர், அரைப்பக்கத்துக்கு, நடிகையோடு. அடுத்த தளத்திலும் அப்படியே. நாற்பத்து மூன்றிலும் அப்படியே. அவர் வாழ்க்கையில் ஒரே நாளில் இவ்வளவு படம் வந்ததில்லை. எல்லாவற்றிலும் 'நடிகை' என்ற சொல் இருந்தது. புனல் சொன்னபடி செய்திருந்தது.

"சார், இன்னிக்கு மட்டும் கையால எடுத்து ஒட்டிடறேன்."

கண்காணிப்பாளர் பதறினார். "நேத்துதான் திறந்து வெச்சிருக்காங்க. இன்னிக்குக் கையால எடுத்தா திட்டம் தோத்துப்போச்சுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. ஓடையில என்ன வந்துதோ அதை அனுப்புங்க."

"ஒண்ணும் வரல சார்."

"அதை அனுப்புங்க."

வெறும் பச்சைத் தாளில் அவள் கையெழுத்திட்டாள். கண்காணிப்பாளர் நீல மையில் ஒன்று, பச்சை மையில் ஒன்று. கோப்பு பத்தரைக்கு மேலே போனது. பத்து நாற்பதுக்கு இருவரையும் கூப்பிட்டார்கள்.

"நாப்பத்து மூணு ஓடையில ஒண்ணுல கூட நான் இல்லையா?"

"எல்லாத்துலயும் இருக்கீங்க சார். நடிகை இருந்தா தள்ளிடற மாதிரி வெச்சிருந்தேன். அதான்."

"நடிகையத் தள்ளு. என்னை ஏன் தள்ளின?"

"சேர்ந்து இருந்தீங்க சார்."

கண்காணிப்பாளர் கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"என் விழாவுல, என் பேச்சு நடுவுல எழுந்து ஓடினதும் இந்தம்மாதானே?" என்றார் இயக்குநர். "அந்தக் குழாயை மூடுங்க. பழையபடி கத்தரிக்கோல். சாயங்காலம் கோப்பு கொண்டு வர்றப்ப இந்தம்மா என் கண்ணுல படக்கூடாது."

கீழே வந்ததும் கண்காணிப்பாளர் விதிப் புத்தகத்தைத் திறந்தார். புனலை மூடிவிடலாம். திறந்து வைத்த திட்டத்தை மூட முடியாது. அதற்கு ஓர் ஆள் போட்டாக வேண்டும். மாலையில் ஒருத்தியைக் கண்ணில் படாமல் வைக்கவும் வேண்டும். அவர் ஒரே ஆணையில் இரண்டையும் முடித்தார். அது அவருடைய பணிக்காலத்திலேயே சிறந்த ஒருங்கிணைப்பு.

தண்டனை இது: தினமும் மாலை நாலரை மணிக்கு மேல் களப்பணி. ஓடைகளை நேரில் பார்வையிட வேண்டும். அலுவலகம் திரும்பக்கூடாது. மறுநாள் காலை படிவம் தர வேண்டும். மீதியிருக்கும் ஒட்டும் வேலையைக் கண்காணிப்பாளர் முடிப்பார். நீர்வளத் துறை ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் அனுப்பியது. இரண்டு அளவு பெரிது.

"எந்த ஓடையை சார் பாக்கணும்?"

"ஆணையில எடம் குறிக்கலம்மா. உங்களுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

அவள் சொன்னாள்.

"அந்தப் பக்கமே பாருங்க," என்றார் கண்காணிப்பாளர். தலையை நிமிர்த்தவில்லை.

அவள் தினமும் ஐந்து மணிக்குக் காப்பக வாசலில் நின்றாள். "என்ன, வேலை போயிருச்சா?" என்றாள் காப்பகத்து அக்கா முதல் நாள்.

"இல்லக்கா. தண்டனை."

"நல்லா வாழ்றீங்க."

படிவத்தில் நான்கு கேள்வி. நீரோட்டம் உண்டா இல்லையா. உண்டு என்றால் திசை. வேகம். பார்த்த நேரம். அவள் அலுவலகத்திலிருந்து காப்பகம்வரை தெருவின் இரண்டு ஓரத்தையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டே போனாள். பாப்பாவோடு வீடுவரை பார்த்துக்கொண்டே திரும்பினாள். கோடைகாலம். 'இல்லை' என்று எழுதினாள். இருபத்தொன்பது நாள் 'இல்லை' என்று எழுதினாள்.

இருபத்தொன்பதாம் நாள் நீர்வளத் துறையிலிருந்து கடிதம் வந்தது. தொடர்ந்து முப்பது நாள் நீரோட்டம் இல்லாத ஓடை, ஓடை அல்ல என்று கருதப்படும். திட்டம் கைவிடப்படும். பணியாளர் பழைய பிரிவுக்கு, பழைய நேரத்துக்குத் திருப்பி அனுப்பப்படுவார்.

கண்காணிப்பாளர் கடிதத்தை அவள் முன்னால் வைத்தார்.

"நாளைக்கு ஒரு நாள் 'உண்டு'ன்னு போட்டுடுங்க."

"இல்லாததை எப்படி சார் போடறது?"

"பல்வலின்னு சொல்லிட்டுப் போனீங்களே?"

"அது வாயால சொன்னது. இதுல கையெழுத்துப் போடணும்."

"பார்த்ததைப் பார்த்தேன்னு இருபது வருஷமா ரெண்டு கலர்ல போடறேன். நான் ஒண்ணையாவது பார்த்திருப்பேன்னு நினைக்கறீங்க?"

அவள் மறுநாளுக்கான படிவத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

முப்பதாம் நாள் மாலை இரண்டு ஓரத்தையும் முன்பைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டு போனாள். எல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு வீட்டு வாசலில் குழாய் இருந்தது. அதிலும் காற்றுதான் வந்தது. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள். நாளையிலிருந்து ஆறரை மணி. மூன்று தடவையும் தீர்ந்துவிட்டது. நாலாவது தடவை நாளைதான்.

காலி மனை ஒன்றைத் தாண்டும்போது பாப்பா கையை இழுத்தாள்.

"அம்மா, ஒண்ணுக்கு வருது."

"வீட்டுக்குப் போயிடலாம். கொஞ்ச தூரம்தான்."

"வந்துருச்சும்மா."

மனையின் ஓரத்தில் ஒதுங்கினார்கள். அவள் பூட்ஸ் கால்களை அகட்டி, பாப்பாவின் பாவாடை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மதியம் முழுக்கக் காப்பகத்தில் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். மண் சரிவாக இருந்தது. நீர் முதலில் ஒரு கல்லில் தயங்கியது. பிறகு கல்லைச் சுற்றிக்கொண்டு, ஒரு வெடிப்பில் இறங்கி, இன்னொரு வெடிப்போடு சேர்ந்து, தெருவைப் பார்த்துப் போனது.

"ஓடுது பாரும்மா," என்றாள் பாப்பா.

"ஆமா."

"ரொம்ப தூரம் போகுது."

இருவரும் அது நிற்கும்வரை நின்று பார்த்தார்கள். பிறகு அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதினாள். நீரோட்டம்: உண்டு. திசை: தெற்கு. வேகம்: நன்று.

நேரம் என்ற இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து இருபது என்று போட்டாள். கையெழுத்திட்டாள். எல்லாம் உண்மை.